மேடையும் மடமும் – 11: பதில் தருவாரா குரு?

1968ஆம் ஆண்டின் தொடக்கம். ரிஷிகேஷில் கங்கைக்கரையில் ஒரு ஹெலிகாப்டர் வந்து இறங்கியது. டெல்லிக்குப் போகவேண்டிய மகரிஷி மகேஷ் யோகிக்காக வந்த ஹெலிகாப்டர் அது. கிளம்புவதற்கு முன் சும்மா ஒரு வட்டம் அடித்துவிட்டு வரலாம், கூட ஒருவர் ஏறிக்கொள்ளலாம் என்றார்கள். மற்றவர்கள் யோசிப்பதற்குள் ஜான் லென்னன் குதித்துக்கொண்டு முன்னால் வந்தார், ஏறியும்விட்டார். அப்படி என்ன ஆசை உனக்கு என்று பிறகு பால் மெக்கார்ட்னி கேட்டிருக்கிறார். மேலே தனியாக இருக்கும்போது காதோடு காதாக அந்தப் பதிலைச் சொல்லிவிடுவாரோ என்று நினைத்தேன் என்றாராம் லென்னன்.

அப்போது லென்னனுக்கு வயது 27. பணம், பெயர், பெரிய வீடு, ரோல்ஸ் ராய்ஸ் கார், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஆட்கள், எல்லாம் இருந்தன. அப்படிப்பட்டவருக்கு இமயமலை அடிவாரத்துச் சாமியாரிடமிருந்து வரவேண்டிய பதில் என்ன பாக்கி இருந்தது?

சென்ற வாரம் 1966ஆம் ஆண்டின் கோடையோடு நிறுத்தியிருந்தோம். மணிலாவில் அதிபர் மாளிகை விருந்துக்குப் போகாத குற்றத்துக்காக பீட்டில்ஸ் குழுவினர் விமான நிலையத்தில் அடி உதை வாங்காத குறையாகத் தப்பித்தது, ஏசுவைவிட நாங்கள் பிரபலம் என்று லென்னன் சொன்னதற்காக அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அவர்களுடைய இசைத்தட்டுகள் கொளுத்தப்பட்டது எல்லாம் பார்த்தோம். ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தேன். மணிலாவிலிருந்து அவர்கள் நேராக வந்து இறங்கியது டெல்லியில். இந்தியாவில் நம்மை யாருக்கும் தெரியாது, இரண்டு நாள் நிம்மதியாக ஊர் சுற்றலாம் என்று நினைத்துத்தான் வந்தார்கள். அங்கேயும் வேலிக்குப் பின்னால் கூட்டம் பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு நின்றது. டெல்லியில் ஜார்ஜ் ஹாரிசன் ஒரு நல்ல சிதார் வாங்கினார். அந்தப் பயணத்தில் உருப்படியாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் பாடியதோடு ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்வதை நிறுத்திக்கொண்டார்கள். ரசிகர்கள் போட்ட கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்கள் காதிலேயே விழாத நிலை. நால்வருக்கும் முதன்முறையாகக் கையில் நேரம் கிடைத்தது. நேரம் கிடைத்ததும் வெறுமையும் வந்தது.

இந்த இடத்தில் போதைப்பொருளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எல்.எஸ்.டி. அந்தக் காலத்து லண்டனிலும் கலிபோர்னியாவிலும் ஞானத்துக்குக் குறுக்கு வழியாகவே விற்கப்பட்டது. ‘நான்’ என்ற நினைப்பை அழித்துவிடு, விடுதலை கிடைக்கும் என்று டிமோதி லியரி போன்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். லென்னன் அதை அப்படியே நம்பினார். கணக்கில்லாமல் உட்கொண்டார். தன் அகந்தையை உடைக்கப் போய், தன்னம்பிக்கையையும் சேர்த்தே உடைத்துக்கொண்டதாக 1970இல் கொடுத்த பேட்டியில் ஒப்புக்கொண்டார். ஆணவம் என்பது செம்பில் களிம்புபோல உயிரோடு ஒட்டியே இருப்பது என்று நம் சைவ சித்தாந்தம் சொல்லும். மாத்திரை போட்டு ஒரே இரவில் கழுவிவிடலாம் என்ற யோசனை மெய்கண்டாருக்குத் தோன்றியிருக்காது.

ஹாரிசனுக்கு மயக்கம் வேறுவிதமாகத் தெளிந்தது. 1967 ஆகஸ்டில் சான்பிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி பகுதிக்குப் போனார். ஹிப்பிகளின் காசி என்று பேசப்பட்ட இடம். ஞானம் பெற்றவர்களைப் பார்க்கப் போனவர், போதையில் கிறங்கிக் கிடந்த சிறு பிள்ளைகளைப் பார்த்தார். அந்தக் கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டு தன்னுடைய தலைவனாக்கப் பார்த்தது. அதோடு எல்.எஸ்.டி.யைக் கைவிட்டார். இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 24ஆம் தேதி, லண்டன் ஹில்டன் ஓட்டலில் மகரிஷியின் சொற்பொழிவு. ஹாரிசனின் மனைவியான பாட்டி அதற்குச் சில மாதங்கள் முன்பே அந்த இயக்கத்தில் சேர்ந்து தியானம் கற்றவர். ரிங்கோவைத் தவிர மற்ற மூவரும் போனார்கள். ரிங்கோவுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது.

மகரிஷி யார்? மகேஷ் என்று பெயர். அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். ஜோதிர்மடத்துச் சங்கராச்சாரியார் பிரம்மானந்த சரஸ்வதியிடம் போய்ச் சேர்ந்து செயலாளராகப் பணி செய்தார். காயஸ்த வகுப்பில் பிறந்தவர் என்பதால் அந்தப் பீடத்துக்கு வாரிசாக வர வழியில்லை. 1953இல் குரு மறைந்ததும் உத்தரகாசிக்குப் போய் ஒடுங்கிவிட்டார். ராமேஸ்வரம் போ என்று மனத்துக்குள் ஒரு குரல் விடாமல் அரித்ததாகவும், அதைத் தட்ட முடியாமல் தெற்கே கிளம்பி வந்ததாகவும் அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். கேரளத்தில் பேசத் தொடங்கினார். கேட்கக் கூட்டம் கூடியது. பீட்டில்ஸை வளைத்துப்போட்ட அந்த உலக இயக்கம் தொடங்கிய இடம் லண்டனும் அல்ல, நியூயார்க்கும் அல்ல, சென்னை. 1958 புத்தாண்டையொட்டி, தன் குருவின் நினைவாக இங்கே நடத்திய மாநாட்டில்தான் ஆன்மிகப் புத்துயிர் இயக்கத்தை அவர் அறிவித்தார். அடுத்த ஆண்டே அமெரிக்கா போய்விட்டார்.

அவர் கற்றுக்கொடுத்தது எளிமையானது. காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் கண்ணை மூடி ஒரு மந்திரத்தை மனத்துக்குள் சொல்லவேண்டும். குடும்பத்தை விடவேண்டாம், கடையை மூடவேண்டாம். பூவும் பழமும் ஒரு வெள்ளைக் கைக்குட்டையும் கொண்டுவந்து குருவின் படத்துக்கு முன் வைத்துத் தீட்சை வாங்கவேண்டும். இங்கிலாந்தில் கட்டணம் ஒரு வாரச் சம்பளம். சந்நியாசி காசு வாங்கலாமா என்று நம் ஊரில் கேட்பார்கள். மேற்கில் அந்தக் கேள்வி பெரிதாக எழவில்லை. உடலை வருத்தாமல், துறக்காமல் கிடைக்கும் அமைதி என்பதுதான் அங்கே விலைபோனது. எல்லாம் இருந்தும் எதையும் விட மனமில்லாதவர்களுக்கு இதைவிடத் தோதான உபதேசம் எது?

மறுநாளே வேல்ஸில் உள்ள பாங்கோருக்கு ரயில் ஏறினார்கள். யூஸ்டன் நிலையத்தில் ஒரே தள்ளுமுள்ளு. லென்னனின் மனைவி சிந்தியாவை யாரோ ஒரு ரசிகை என்று நினைத்துப் போலீஸ்காரர் தடுத்து நிறுத்தினார். ரயில் போய்விட்டது, கணவர் ஜன்னல் வழியே கூப்பிட்டுக்கொண்டே போனார். பாங்கோரில் ராத்திரி ஒரு சீன உணவகத்தில் எல்லோரும் சாப்பிட்டார்கள். பில் வந்ததும்தான் யாரிடமும் பணமில்லை என்று தெரிந்தது. எங்கே போனாலும் யாராவது கூட வந்து பணம் கட்டியே பழகிவிட்டிருந்தது. கடைசியில் ஹாரிசன் காலைத் தூக்கி மேஜைமேல் வைத்து, செருப்பின் அடித்தோலைக் கத்தியால் கீறி, உள்ளே ஒளித்துவைத்திருந்த 20 பவுண்டு நோட்டை எடுத்தார். இப்படி ஒரு நாள் வரும் என்று எப்போதோ வைத்தது. அந்த நால்வரில் யார் எப்படிப்பட்டவர் என்று புரிந்துகொள்ள இந்த ஒரு சம்பவம் போதும் என்பேன்.

ஆகஸ்ட் 27ஆம் தேதி லண்டனிலிருந்து செய்தி வந்தது. அவர்களுடைய மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் தூக்க மாத்திரை அளவுக்கு மீறிப் போய் இறந்துவிட்டார். வயது 32. லிவர்பூல் நிலவறைக் கிளப் ஒன்றிலிருந்து அவர்களை உலக மேடைக்குக் கொண்டுவந்தவர். துக்கத்தில் மூழ்கவேண்டாம், அவரைப் பற்றி நல்ல நினைவுகளையே அனுப்புங்கள் என்று மகரிஷி தேற்றினார். பத்திரிகையாளர்கள் முன் அதையே திருப்பிச் சொன்ன லென்னனின், ஹாரிசனின் முகங்கள் இன்றும் செய்திப் படச்சுருளில் இருக்கின்றன. பேசும் வாய்க்கும் திகைத்த கண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. அப்பா ஸ்தானத்தில் இருந்த ஒருவர் போன நாளில் இன்னொருவர் அந்த இடத்தில் உட்கார்ந்தார். மகரிஷியே இதைத் திட்டமிட்டார் என்று சொல்ல மாட்டேன். நாற்காலி காலியானபோது பக்கத்தில் நின்றது அவர்.

1968 பிப்ரவரி நடுவில் லென்னன், ஹாரிசன் தம்பதிகள் டெல்லி வந்திறங்கினார்கள். நான்கு நாள் கழித்து பால், அவருடைய காதலி ஜேன் ஆஷர், ரிங்கோ, ரிங்கோவின் மனைவி மாரீன். ரிஷிகேஷில் கங்கைக்கு அக்கரையில், காட்டை ஒட்டிய மேட்டில், உத்தரப் பிரதேச வனத்துறையிடம் குத்தகைக்கு எடுத்த சுமார் 14 ஏக்கரில் ஆசிரமம். வாசலில் உலகப் பத்திரிகையாளர் பட்டாளம். பூட்டிய கேட். குரங்குகளும் காக்கைகளும் சாப்பாட்டு மேஜைக்கே வந்து ரொட்டியைப் பிடுங்கிப் போகும்.

அறுபது பேருக்குமேல் அங்கே தியான ஆசிரியர் பயிற்சிக்கு வந்திருந்தார்கள். நடிகை மியா பாரோ, அவர் தங்கை ப்ரூடன்ஸ், ஸ்காட்லாந்துப் பாடகர் டொனோவன், ‘பீச் பாய்ஸ்’ மைக் லவ் ஆகியோரும் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பாடம், ஒரே சைவச் சாப்பாடு. அறை மட்டும் ஒன்றல்ல. பீட்டில்ஸ் தங்கும் அறைகளுக்குக் கண்ணாடி, கம்பளம், நுரை மெத்தை, சுவருக்குத் திரைச்சீலை என்று மகரிஷி தேடிப்பிடித்து வாங்கிப் போட்டார் என்று அங்கே உதவிக்கு இருந்த நான்சி குக் எழுதியிருக்கிறார். அகந்தையைக் கரைக்கும் இடத்திலும் பிரமுகர்களுக்குத் தனிக் கவனிப்பு உண்டு என்பது நம் கோயில்களில் சிறப்பு தரிசன வரிசையில் நின்றவர்களுக்குப் புதிதாக இருக்காது.

அந்தப் பிரசித்தி பெற்ற குழுப் புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் மகரிஷி, பின்னால் பிரம்மானந்த சரஸ்வதியின் படம், இருபக்கமும் மாலை போட்ட நட்சத்திரங்கள். மேடை போடுவது, பூ வைப்பது, யார் எங்கே உட்காரவேண்டும் என்பது எல்லாவற்றையும் மகரிஷியே முன்னின்று பார்த்துக்கொண்டார் என்று எழுதுகிறார், கட்டுரை எழுத வந்திருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் லூயிஸ் லாபம். கேமராவை எந்த உயரத்தில் வைக்கவேண்டும் என்றுகூடச் சொன்னாராம். இந்த மனிதருக்குக் கேமராவின் அருமை நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த ஜனவரியில்தான் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் கூட்டம் போட்டுவிட்டு வந்திருந்தார். ஏபிசி தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸையும் கூட்டி வருவதாக அவர் பேசிவைக்க, நாங்கள் வரமாட்டோம் என்று சொல்வதற்காக அவர்கள் சுவீடன்வரை போகவேண்டியிருந்தது என்று பீட்டில்ஸின் உதவியாளர் பீட்டர் பிரவுன் எழுதியிருக்கிறார். புகழிலிருந்து தப்பிக்க வந்தவர்கள் சீடர்கள். புகழைத் தேடிப் புறப்பட்டவர் குரு. இந்த முரண்தான் எல்லாக் கோளாறுக்கும் மூலம் என்பது என் கணிப்பு. பெண் விவகாரம் பிறகு வந்தது.

ரிங்கோ சுமார் பத்து நாளில் மூட்டை கட்டினார். சிறுவயதில் வயிற்று நோயால் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். காரமும் பூண்டும் ஆகாது. டின்னில் அடைத்த பீன்ஸ் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தார். மாரீனுக்கோ ஈ என்றால் குலை நடுக்கம். நன்றாகத்தான் இருந்தது, விடுமுறை முகாம் மாதிரி என்று ஊருக்குப் போய்ச் சொன்னார். மூவரையும்விட அவர் நேர்மையாக இருந்தார் என்று எனக்குப் படுகிறது. பால் மார்ச் கடைசி வாரத்தில் கிளம்பினார். ஒரு மாதம் என்று நினைத்து வந்தார், முடிந்தது, போனார்.

மீதமிருந்த இருவரில்தான் கதை இருக்கிறது. பால் இருந்தவரை லென்னனும் அவரும் மத்தியான வேளைகளில் ஒருவர் அறைக்கு ஒருவர் போய்ப் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த இசைத்தட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் ஹாரிசன் கோபித்துக்கொள்வார்: நாம் இங்கே தியானம் செய்யத்தான் வந்திருக்கிறோம். யார் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோம் என்பதிலும் போட்டி வந்தது. இசைத்தட்டு விற்பனைப் பட்டியல் இல்லாத இடத்தில் அவர்களே ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள். நாளுக்கு எட்டு மணி நேரம் தியானம் செய்த லென்னன் அங்கே எழுதிய பாட்டுகளில் தூக்கமில்லாதவனின் அலுப்பும் செத்துப்போகலாம் என்ற விரக்தியும் உண்டு. அவ்வளவு அழகான இடத்தில் உட்கார்ந்து உலகத்திலேயே சோகமான பாட்டுகளை எழுதிக்கொண்டிருந்தேன் என்று அவரே பிறகு சிரித்திருக்கிறார். காலையில் எழுந்ததும் தபால் வந்திருக்கிறதா என்று பார்க்கப் போவார். பின்னாளில் அவர் மணந்துகொண்ட யோகோ ஓனோவிடமிருந்து அஞ்சலட்டைகள் வந்துகொண்டிருந்தன. மனைவி சிந்தியாவுக்கு அது அப்போது தெரியாது. தியானத்துக்காகத் தனி அறை வேண்டும் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார் என்றுதான் நினைத்திருந்தார்.

ஏப்ரலில் புயல் அடித்தது. லென்னனுக்கு நெருக்கமான அலெக்ஸ் மார்டாஸ் என்ற கிரேக்கர் வந்து சேர்ந்திருந்தார். மகரிஷி ஒரு பெண் சீடரிடம் தவறாக நடந்துகொண்டார் என்ற பேச்சு அவர் மூலம் ஆசிரமத்துக்குள் பரவியது. யாரும் வழக்குத் தொடுக்கவில்லை; அது நிரூபிக்கப்படவும் இல்லை. மியா பாரோ தனக்கு நேர்ந்த சங்கடமான ஒரு தருணத்தைத் தன் நூலில் எழுதியிருக்கிறார். சிந்தியா, பால், பிற்காலத்து ஹாரிசன் மூவருமே இந்தக் குற்றச்சாட்டை நம்பவில்லை. ராத்திரி முழுவதும் விவாதம் நடந்தது. ஏப்ரல் 12 காலையில் லென்னன் போய் முன்னால் நின்று, கிளம்புகிறோம் என்றார். ஏன் என்று கேட்டார் மகரிஷி. எல்லாம் அறிந்தவர் என்றால் உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டுமே என்று பதில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

ஹெலிகாப்டரில் பதிலுக்காகப் போட்டி போட்டு ஏறியவர் இவர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. அவர் குருவைத் தேடியதாகத் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் சரிசெய்து கொடுக்கும் ஒருவரைத் தேடினார். முதலில் எப்ஸ்டீன், அப்புறம் மாத்திரை, அப்புறம் மகரிஷி. 1970இல் அலறி அழவைத்துக் குணப்படுத்தும் ஆர்தர் ஜானோவ் என்ற உளவியலாளர். ஒவ்வொருவரையும் தலையில் தூக்கிவைத்து ஆடினார்; பிறகு கீழே போட்டார். பட்டிதொட்டி ரசிகர்கள் தன்னிடம் எப்படி நடந்துகொண்டார்களோ, அப்படியேதான் தன் குருமார்களிடம் அவர் நடந்துகொண்டார். பெரும்புகழ் மனிதனை ரசிகனாகத்தான் ஆக்குகிறது போலும்.

டெல்லி போகும் வழியில் டாக்சி பழுதாகி நின்றது. மகரிஷி சாபம் விட்டுவிட்டாரோ என்ற பயம்கூட வந்ததாம். லென்னன் மகரிஷியைப் பெயர் சொல்லித் திட்டி ஒரு பாட்டுக் கட்டினார். ஹாரிசன் தலையிட்டதால் பெயர் ‘செக்ஸி சேடி’ என்று மாறியது. அந்த நவம்பரில் வெளிவந்த, 30 பாடல்கள் கொண்ட வெள்ளை அட்டை இரட்டை இசைத்தட்டில் அது இருக்கிறது. அதிலுள்ள பாட்டுகளில் கணிசமானவை ரிஷிகேஷில் பிறந்தவை. ஞானம் வந்ததோ இல்லையோ, பாட்டு வந்தது.

ஹாரிசன் லென்னனோடு லண்டனுக்குப் போகவில்லை. சிதார் கலைஞர் ரவிசங்கரின் ‘ராகா’ படப்பிடிப்புக்காகச் சென்னைப் பக்கம் வந்தார். இங்கே கடுமையான வயிற்றுப்போக்கு. குருவை அவமதித்ததன் பலனோ என்று அவரும் கலங்கினார். ரவிசங்கர் தாயத்துகள் கொடுக்க, உடம்பு தேறியது. அந்த இயக்கம் பிறந்த ஊரிலேயே அதிலிருந்து விலகிவந்தவர் படுத்துக் கிடந்ததை அப்போது யாரும் செய்தியாக்கவில்லை.

அந்தக் கூட்டத்தில் உண்மையாகவே தியானத்தில் மூழ்கிப்போனவர் ஒரு நட்சத்திரமல்ல, நட்சத்திரத்தின் தங்கை. நாள்கணக்கில் அறைக்கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார் இருபது வயது ப்ரூடன்ஸ். அவரை வெளியே வரவழைக்க லென்னனும் ஹாரிசனும் கிதாரோடு போனார்கள். லென்னன் அவர் பெயரிலேயே பாட்டு எழுதினார். பாட்டு உலகப் புகழ் பெற்றது. ப்ரூடன்ஸ் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளாமல் தியான ஆசிரியரானார், வருடக்கணக்காகக் கற்பித்தார். பின்னாளில் சமஸ்கிருதம் படித்து, பெர்க்லியில் தெற்காசிய ஆய்வில் முனைவர் பட்டமும் வாங்கினார்.

மகரிஷிக்கும் அடி விழாமல் போகவில்லை. 1968 மே மாதம் ‘பீச் பாய்ஸ்’ குழுவோடு அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் மேடையேறினார். சில நாளிலேயே சுற்றுப்பயணம் கைவிடப்பட்டது. பாட்டுக் கேட்க வந்த பிள்ளைகளுக்குச் சொற்பொழிவு வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவர் எழுந்துகொண்டார். நட்சத்திரங்களை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் பிடித்தார். இயக்கம் முன்பைவிடப் பெரிதாக வளர்ந்தது. தன்னை வைத்து எழுதப்பட்ட பாட்டைப் பற்றி அவர் வசை பாடியதில்லை.

1992 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஹாரிசன் ஒரு கச்சேரி செய்தார். மகரிஷியின் ஆதரவாளர்கள் தொடங்கிய அரசியல் கட்சிக்கு நிதி திரட்டித் தருவதற்கான கச்சேரி அது. மகரிஷி 2008 பிப்ரவரி 5ஆம் தேதி நெதர்லாந்தில் இறந்தார். அடுத்த ஆண்டு பாலும் ரிங்கோவும் நியூயார்க்கில் ஒரே மேடையில் ஏறியது, பள்ளிப் பிள்ளைகளுக்கு அதே தியானத்தைக் கற்றுக்கொடுக்கும் ஓர் அறக்கட்டளைக்காக. ஆசிரமத்தை விட்டுப் போன நால்வரில் மூவர் ஏதோ ஒருவகையில் திரும்பி வந்துவிட்டார்கள். லென்னனுக்கு அதற்கு ஆயுள் இல்லை. 1980 டிசம்பர் 8ஆம் தேதி நியூயார்க்கில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆசிரமம் பிறகு கைவிடப்பட்டுக் காடு மண்டிப்போயிற்று. 2015 இறுதியில் வனத்துறை அதைச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிட்டது. கட்டணம் கட்டி உள்ளே போகலாம்.

ஹாரிசன் மட்டும் தேடுவதை ஒருநாளும் நிறுத்தவில்லை. ஆனால் பக்தி முற்றியவரிடமும் அகந்தை எப்படித் தலைதூக்கும் என்பதற்கு 1974இல் அவர் தொண்டை கட்டிய குரலோடு அமெரிக்கா முழுவதும் நடத்திய சுற்றுப்பயணம் சாட்சி. அதற்கு முன், லண்டன் தெருக்களில் மொட்டைத்தலையும் காவியுமாக ஆடிப் பாடிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தை அவர் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு அழைத்துவந்து, மகாமந்திரத்தை இங்கிலாந்தின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் 12ஆம் இடத்துக்குக் கொண்டுபோன கதையோடு அடுத்த வாரம் தொடங்குவோம்.

(தொடரும்)